சிதம்பரம் முதல் மதுரை வரை: ஒரே விடுமுறையில் ஐந்து ஊர்களை ரயிலில் சுற்றி வர வழிகாட்டி

சென்னையில் ஏறி சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை என ஐந்து ஊர்களையும் ரயிலிலேயே பார்த்துத் திரும்ப ஏழு நாள் போதும். ஏசி இல்லாத இருக்கை வகுப்புகளில் போனால் ஒருவருக்கு ரயில் கட்டணம் மொத்தமாகவே 600 ரூபாய்க்குள் அடங்கிவிடும். செலவு பெரிய விஷயமில்லை. தவறான தடத்தில் ஓடும் ரயிலைப் பிடிப்பது, தேவையே இல்லாத இடத்துக்கெல்லாம் முன்பதிவு செய்து கையைக் கட்டிக்கொள்வது, கோயில் நடை சாத்திய நேரத்தில் போய் இறங்குவது ஆகியவற்றால்தான் முதல்முறை போகிறவர்களின் விடுமுறை வீணாகிறது. இவை எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்தே தவிர்த்துவிடலாம்.

1. முதலில் தடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

சென்னையிலிருந்து திருச்சிக்கு இரண்டு தடங்கள் இருக்கின்றன. விழுப்புரத்தில் இவை பிரியும். மெயின் லைன் கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குப் போகும்; சுமார் 400 கி.மீ. கார்டு லைன் விருத்தாசலம், அரியலூர், ஸ்ரீரங்கம் வழியாகப் போகும். சுமார் 336 கி.மீ. வைகை, பல்லவன், பாண்டியன், வந்தே பாரத், தேஜஸ் போன்ற பெயர் தெரிந்த ரயில்கள் பெரும்பாலும் கார்டு லைனில்தான் ஓடுகின்றன. அவற்றில் ஏறினால் சிதம்பரமும் கும்பகோணமும் கண்ணில் படாது. "திருச்சி போகிற ரயில்தானே, வழியில் தஞ்சாவூரில் இறங்கிக்கொள்ளலாம்" என்று ஏறுகிறவர்கள் நிறைய பேர். திருச்சியில் இறங்கி 50 கி.மீ. திரும்பி வரவேண்டியதாகிவிடும்.

அதனால் போகும்போது மெயின் லைன், திரும்பும்போது கார்டு லைன். இதுதான் இந்தச் சுற்றின் அடிப்படை. போவதற்கு எழும்பூர்–திருச்சி சோழன் எக்ஸ்பிரஸ் பொருத்தமான பகல் ரயில். இரவில் போக விரும்பினால் எழும்பூர்–தஞ்சாவூர் உழவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஆனால் உழவனில் சிதம்பரத்துக்கு டிக்கெட் எடுக்காதீர்கள். நடுராத்திரி தாண்டிய நேரத்தில் இறக்கிவிடும். அறையும் கிடைக்காது, கோயிலும் திறந்திருக்காது. உழவனில் போவதாக இருந்தால் நேராகத் தஞ்சாவூர் போய்விட்டு, அங்கிருந்து பின்னோக்கி கும்பகோணம், சிதம்பரம் என்று வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

நிலையத்தின் பெயரையும் சரிபார்க்க வேண்டும். இந்த ரயில்கள் சென்னை சென்ட்ரலிலிருந்து கிளம்புவதில்லை. எழும்பூரில் நடக்கும் புனரமைப்பு வேலையால் சில ரயில்கள் சில காலத்துக்குத் தாம்பரத்திலிருந்து கிளம்புவதும் உண்டு. கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். திருச்சியிலும் ஜங்ஷன், கோட்டை, டவுன், பொன்மலை, ஸ்ரீரங்கம் எனத் தனித்தனி நிலையங்கள் இருக்கின்றன. தஞ்சாவூரிலிருந்து வருகிறவர்கள் இறங்க வேண்டியது ஜங்ஷனில். ஸ்ரீரங்கம் நிலையம் கார்டு லைனில் இருப்பதால் தஞ்சாவூர் ரயில்கள் அங்கே போகாது.

2. ஊர்களின் வரிசை, இரவுகளின் கணக்கு

சிதம்பரத்தில் ஒரு இரவு, கும்பகோணத்தில் இரண்டு, தஞ்சாவூரில் ஒன்று, திருச்சியில் ஒன்று, மதுரையில் ஒன்று. ஏழாம் நாள் மதுரையிலிருந்து திரும்பலாம். இரவு ரயிலில் திரும்பினால் மதுரைக்கு ஒரு முழுப் பகல் கூடுதலாகக் கிடைக்கும்.

கும்பகோணத்துக்கு ஏன் இரண்டு இரவு என்று கேட்கலாம். தாராசுரம் கும்பகோணத்திலிருந்து 4 கி.மீ.தான், ஆட்டோ போதும். ஆனால் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ரயில் கிடையாது. அணைக்கரை வழியாகச் சாலையில் சுமார் 35 கி.மீ. போக வேண்டும். ஜெயங்கொண்டம் பக்கம் போகும் பேருந்துகள் உண்டு. நான்கு பேர் இருந்தால் கார் எடுத்துவிடலாம். போய் நிதானமாகப் பார்த்து வர ஒரு முற்பகல் முழுதாக வேண்டும். இதைத் தஞ்சாவூரிலிருந்து போய் வரலாம் என்று திட்டமிடுகிறவர்கள் அன்றைய நாளைச் சாலையிலேயே கழித்துவிடுகிறார்கள். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் ஆகிய மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க வந்துவிட்டு மூன்றாவதை விட்டுப் போவது பெரிய இழப்பு. நாள் குறைவாக இருந்தால் திருச்சியில் ஒரு இரவைக் குறையுங்கள், கும்பகோணத்தில் குறைக்காதீர்கள்.

காஞ்சிபுரத்தையும் இதில் சேர்க்கலாமா என்று தோன்றும். அது செங்கல்பட்டு–அரக்கோணம் கிளைத் தடத்தில் இருக்கிறது. இந்தச் சுற்றில் செருகினால் இணைப்பு ரயிலுக்காக அரை நாள் போகும். சென்னையிலிருந்து தனியாக ஒரு நாள் போய் வருவதே மேல்.

3. எதற்கு முன்பதிவு வேண்டும், எதற்கு வேண்டாம்

கட்டாயம் முன்பதிவு செய்ய வேண்டியவை இரண்டுதான்: சென்னை–சிதம்பரம், மதுரை–சென்னை. மற்றவை எல்லாம் சின்னத் தூரம். சிதம்பரம்–கும்பகோணம் ஏறத்தாழ 68 கி.மீ., கும்பகோணம்–தஞ்சாவூர் 39 கி.மீ., தஞ்சாவூர்–திருச்சி 50 கி.மீ. இவற்றுக்கு முன்பதிவில்லா டிக்கெட் ஒவ்வொன்றும் 50 ரூபாய்க்குள் முடிந்துவிடும். இந்த இடைப்பட்ட தூரங்களைக் கட்டிப்போடாமல் விட்டால்தான், ஒரு கோயிலில் கூடுதலாக இரண்டு மணி நேரம் இருக்கத் தோன்றினால் இருக்க முடியும்.

சின்னத் தூரத்துக்கு ஸ்லீப்பர் போடுவது வீண்செலவு. ஸ்லீப்பருக்குக் குறைந்தபட்சம் 200 கி.மீ.க்கான கட்டணம் வாங்குவார்கள். ஏசி மூன்றடுக்குக்கு 300 கி.மீ. தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்கு 50 கி.மீ. போக 200 கி.மீ. காசு கொடுப்பீர்கள்.

திருச்சி–மதுரை சுமார் 157 கி.மீ. வார நாட்களில் முன்பதிவில்லாமலே போகலாம். சூப்பர்ஃபாஸ்டில் போனாலும் 100 ரூபாய்க்குள்தான். வெள்ளி மாலை, ஞாயிறு, பண்டிகை ஒட்டிய நாட்கள் என்றால் இருக்கை முன்பதிவு செய்துவிடுங்கள். குழந்தைகளுடன் போகிறவர்கள் எந்த நாளானாலும் செய்துவிடுவது நல்லது.

இங்கே அடிக்கடி கேட்கப்படும் யோசனை ஒன்று: சென்னை–மதுரைக்கு ஒரே டிக்கெட் எடுத்து வழியில் இறங்கி இறங்கிப் போகலாமே? முடியாது. இடையில் இறங்கித் தங்கும் சலுகை 500 கி.மீ.க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்குத்தான் உண்டு. அதுவும் முதல் 500 கி.மீ. கடந்த பிறகுதான். மெயின் லைன் வழியாக மதுரை சுமார் 558 கி.மீ.; அந்த 500 கி.மீ. எல்லை மதுரைக்குச் சற்று முன்னால்தான் வருகிறது. சிதம்பரத்திலோ கும்பகோணத்திலோ இறங்கினால் டிக்கெட் அத்தோடு முடிந்தது. கிளம்பிய ஊருக்கே திரும்பும் சுற்றுப் பயண டிக்கெட் என்றும் ஒன்று உண்டு. அதிகபட்சம் 8 இடங்களில் இறங்கலாம், ரயில்வேயின் வணிகப் பிரிவில் விண்ணப்பித்து வாங்க வேண்டும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வடக்கே சுற்றி வருகிறவர்களுக்கு அது லாபம். இந்த ஏழு நாள் பயணத்துக்கு அந்த அலைச்சல் தேவையில்லை. ஊருக்கு ஊர் தனி டிக்கெட்டே சுலபம்.

4. முன்பதிவு செய்யும் முறை

முன்பதிவு 60 நாட்களுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். பயண நாள் அந்த 60இல் சேராது. போகும் டிக்கெட்டும் திரும்பும் டிக்கெட்டும் ஒரே நாளில் திறக்காது, ஒரு வார இடைவெளி வரும். இரண்டு தேதிகளையும் காலண்டரில் குறித்துவையுங்கள்.

திரும்பும் டிக்கெட் கிடைக்கும் நாளை வைத்துப் பயணத் தேதியை முடிவு செய்யுங்கள். ஞாயிறு இரவு மதுரையிலிருந்து சென்னைக்கு வரும் ரயில்கள்தான் முதலில் நிரம்பும். செவ்வாய், புதன் திரும்பும்படி அமைத்தால் பாதிக் கவலை குறையும். பகலில் திரும்ப வைகை. விடியற்காலை கிளம்பிப் பிற்பகலில் சென்னை. இருக்கை வகுப்பு 200 ரூபாயை ஒட்டி வரும். இரவில் திரும்ப பாண்டியன்; ஸ்லீப்பர் என்றால் இன்னொரு 150 ரூபாய் வரை கூடும், ஏசி மூன்றடுக்கு 800 ரூபாயைத் தாண்டும்.

ரயில்வேயின் இணைய முன்பதிவுத் தளமான ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பை இப்போதே முடித்துவிடுங்கள். முன்பதிவு திறக்கும் நேரத்தில் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கே முதல் வாய்ப்பு. தட்கல் எனும் கடைசி நேர முன்பதிவுக்கு ஆதார் கட்டாயம். கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் வேண்டும். ஆதாரில் பழைய எண் இருந்தால் அன்று காலை ஒன்றும் செய்ய முடியாது. பணம் யு.பி.ஐ. வழியாகக் கட்டினால் சேவைக் கட்டணம் ஏசி அல்லாத டிக்கெட்டுக்கு 10 ரூபாய், ஏசிக்கு 20 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி; வங்கி அட்டை என்றால் 15, 30. இது டிக்கெட்டுக்குத்தான், ஆளுக்கல்ல. ஒரே டிக்கெட்டில் 6 பேர் வரை போடலாம்.

தேதிப் பிழைதான் இதில் மிகவும் வலிப்பது. நெல்லை, நாகர்கோவில் பக்கமிருந்து சென்னை வரும் இரவு ரயில்களில் சில மதுரைக்கோ திருச்சிக்கோ நள்ளிரவை ஒட்டி வரும். 12 மணி தாண்டி வந்தால் அது அடுத்த நாள் தேதி. வெள்ளி இரவு ஏற நினைத்து வெள்ளி தேதிக்குப் போட்டால் அந்த ரயில் வியாழன் இரவே, அதாவது வெள்ளி பிறந்த சில நிமிடங்களில் போயிருக்கும். நீங்கள் ஏறும் நிலையத்தில் ரயில் எத்தனை மணிக்கு வருகிறது என்று பார்த்துவிட்டுத் தேதியைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது காத்திருப்புப் பட்டியலின் வகை. எல்லாக் காத்திருப்பும் ஒன்றல்ல. ரயில் கிளம்பும் ஊரிலிருந்து போட்டால் பொதுக் காத்திருப்பு வரும். அது வேகமாக நகரும். நடுவில் இருக்கும் நிலையத்திலிருந்து போட்டால் இடைநிலையங்களுக்கான பூல்ட் அல்லது ரிமோட் எனும் சிறிய ஒதுக்கீட்டில் விழலாம். அதில் 5ஆம் எண்ணில் இருந்தாலும் உறுதியாகாமல் போவதுண்டு. இடைநிலையத்தில் இடமில்லை என்று காட்டினால் ரயில் கிளம்பும் நிலையத்திலிருந்து தேடிப் பாருங்கள். இடம் இருந்தால் அங்கிருந்து டிக்கெட் போட்டு, ஏறும் நிலையத்தை மட்டும் உங்கள் ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். கட்டணம் சற்றுக் கூடும். மாற்றிய பிறகு பழைய நிலையத்தில் ஏற உரிமை கிடையாது. மாற்றாமலே விட்டால், நீங்கள் வரவில்லை என்று குறித்து டிக்கெட் பரிசோதகர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும்.

இணையத்தில் எடுத்த டிக்கெட், சார்ட் (ரயில் கிளம்புமுன் வெளியாகும் இறுதி இட ஒதுக்கீட்டுப் பட்டியல்) தயாரான பிறகும் முழுவதும் காத்திருப்பிலேயே இருந்தால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதை வைத்து ஏறினால் டிக்கெட் இல்லாப் பயணம்தான். கவுன்டரில் எடுத்த காத்திருப்பு டிக்கெட்டோடும் ஸ்லீப்பரிலோ ஏசியிலோ ஏற முடியாது.

தட்கல் ரயில் கிளம்புவதற்கு முந்தைய நாள், ஏசிக்கு காலை 10 மணி, ஏசி அல்லாததற்கு 11 மணி. ஸ்லீப்பருக்கு 100 முதல் 200 ரூபாய் கூடுதல். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒன்றும் திரும்பாது. அதைவிட முதலில் பார்க்க வேண்டியது சார்ட் தயாரான பிறகு திறக்கும் கரன்ட் புக்கிங். மிச்சமிருக்கும் இடம் தட்கல் கூடுதல் கட்டணம் இல்லாமலே கிடைக்கும்.

வயதானவர்களுக்குக் கட்டணச் சலுகை 2020இல் நிறுத்தப்பட்டது. ஆனால் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது: ஆண்களுக்கு 60 வயது, பெண்களுக்கு 45. தனியாகவோ இருவராகவோ போட்டால்தான் இது செல்லும். ஆறு பேரையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்துவிட்டால் அம்மாவுக்கு மேல் படுக்கை வரலாம். 5 முதல் 11 வயதுக் குழந்தைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் பாதி.

5. முன்பதிவில்லா டிக்கெட்டில் ஏமாறாமல் இருக்க

கவுன்டர் வரிசையில் நிற்காமல் ரயில்ஒன் செயலியில் எடுக்கலாம். காகிதமில்லா டிக்கெட்டை நிலையத்துக்குள்ளோ தண்டவாளத்தின் பக்கத்திலோ நின்று எடுக்க முடியாது, செயலி மறுத்துவிடும். அறையிலிருந்து கிளம்பும்போதே எடுத்துவிடுங்கள், அல்லது நிலையத்தில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து எடுங்கள். 200 கி.மீ.க்கு உட்பட்ட டிக்கெட் என்றால் எடுத்து 3 மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்க வேண்டும். காலையிலேயே எடுத்து வைத்துவிட்டு மாலை போகலாம் என்று இருக்காதீர்கள். கைபேசியில் சார்ஜ் தீர்ந்து டிக்கெட்டைக் காட்ட முடியாவிட்டால் டிக்கெட் இல்லாதவராகவே கணக்கு.

டிக்கெட் வகையையும் பார்க்க வேண்டும். பாசஞ்சர் டிக்கெட் எக்ஸ்பிரஸில் செல்லாது; எக்ஸ்பிரஸ் டிக்கெட் சூப்பர்ஃபாஸ்டில் செல்லாது. சோழன் சூப்பர்ஃபாஸ்ட் வகை. மாட்டினால் குறைந்தபட்ச அபராதம் 250 ரூபாய், கட்டணம் தனி.

மயிலாடுதுறை–கோவை ஜன் சதாப்தி கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி என நமக்கு வேண்டிய வழியிலேயே, செவ்வாய் தவிர்த்து, ஓடுகிறது. நல்ல ரயில்தான், ஆனால் முழுக்க முன்பதிவுப் பெட்டிகள். முன்பதிவில்லா டிக்கெட்டோடு ஏறக் கூடாது. மயிலாடுதுறை–செங்கோட்டை எக்ஸ்பிரஸ் கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை நான்கையும் ஒரே பகலில் தொட்டுப் போகிறது. திருச்சியை விட்டுவிட்டுத் தஞ்சாவூரிலிருந்து நேராக மதுரை போக நினைப்பவர்களுக்கு ரயில் மாறும் வேலை மிச்சம்.

6. ஆவணங்கள்

முன்பதிவு டிக்கெட்டில் இருப்பவர்களில் ஒருவராவது அசல் அடையாள அட்டை காட்ட வேண்டும்: ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பான், பாஸ்போர்ட் எதுவும் சரி. கைபேசியில் எடுத்த புகைப்படமோ நகலோ செல்லாது. டிஜிலாக்கர் செல்லும், ஆனால் அரசு வழங்கிய ஆவணங்கள் பகுதியில் இருக்கும் ஆதாரும் ஓட்டுநர் உரிமமும்தான், நீங்களே பதிவேற்றியவை அல்ல. தங்கும் விடுதிகளில் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் அட்டை கேட்பார்கள். அதனால் எல்லோரும் எடுத்து வாருங்கள்.

7. நடை சாத்தும் நேரத்தை வைத்து ரயிலைத் தேர்ந்தெடுங்கள்

இந்த ஊர்களின் பெரிய கோயில்களில் பகல் 12 அல்லது 12:30க்கு நடை சாத்தினால் மாலை 4 அல்லது 5க்குத்தான் திறப்பார்கள். ஊர் மாறுவதற்கு உகந்த நேரம் அதுதான். காலை 6 முதல் 11 வரை கோயில், சாப்பாடு, நண்பகலில் ரயில், மாலை அடுத்த ஊர். சோழன் நண்பகலை ஒட்டிச் சிதம்பரம் சேரும். அறையில் ஓய்வெடுத்துவிட்டு மாலை நடராசர் கோயிலுக்குப் போகலாம், மறுநாள் காலையும் ஒருமுறை போகலாம். பத்து மணிக்கு ரயில் பிடித்துப் பன்னிரண்டுக்குத் தஞ்சாவூரில் இறங்குகிறவர்கள் வெயிலில் நான்கு மணி நேரம் காத்திருக்கிறார்கள். கல் தரை சுடும். வெறுங்காலோடு பிரகாரத்தில் நடக்கவே முடியாது.

மதுரையில் திருமலை நாயக்கர் மகாலை நடை சாத்திய நேரத்தில் பார்த்துவிடுங்கள். மாலை 5 மணிக்கு மூடிவிடும். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது; வாசலில் ஒப்படைத்துச் சீட்டு வாங்க வேண்டும். உள்ளே உங்கள் கூட்டம் பிரிந்துபோனால் அழைக்க வழியில்லை, எந்தக் கோபுர வாசலில் சேர்வது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். அரைக்கால் சட்டையுடன் விடமாட்டார்கள். திருச்சி ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு 1ஆம் எண் நகரப் பேருந்து போகிறது. ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி மிஞ்சும். மதுரையில் நிலையத்திலிருந்து கோயிலுக்கு நடந்தே போகலாம்.

சிவராத்திரியில் சிதம்பரம், வைகுண்ட ஏகாதசியில் ஸ்ரீரங்கம், சித்திரைத் திருவிழாவில் மதுரை: விழாவைப் பார்க்கவே போனால் தவிர அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், அறை கிடைப்பது கடினம். கும்பகோணத்தில் அடுத்த மகாமகம் 2028இல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெல்டாவில் மழைக்காலம். ஜனவரி பிற்பகுதியும் பிப்ரவரியும்தான் நடப்பதற்கு இதமான நாட்கள்.

8. மூட்டை முடிச்சு

ஆளுக்கு ஒரு பை, தோளில் மாட்டக்கூடியது. இடைப்பட்ட நிலையங்களில் பல ரயில்கள் இரண்டு நிமிடம்தான் நிற்கும். பெரிய நிலையங்களில் பொருள் பாதுகாப்பு அறை உண்டு. பை பூட்டியிருந்தால்தான் வாங்குவார்கள், பயண டிக்கெட்டும் கேட்பார்கள். ஜிப்பைக் கட்டும் ஒரு சின்னப் பூட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன நிலையங்களில் அந்த அறை இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள். விடுதியில் அறை காலி செய்த பிறகும் பையை வைத்துக்கொள்ளச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். உறுதியான டிக்கெட் இருந்தால் நிலையத்திலேயே ஓய்வறையும் இணையத்தில் பதிவு செய்யலாம். விடியற்காலை ரயிலுக்கு முந்தைய இரவில் இது பெரிய உதவி.

9. தாமதமானால்

விழுப்புரம் முதல் தஞ்சாவூர் வரை பெரும்பகுதி ஒற்றைத் தடம். எதிரே வரும் ரயிலுக்காக நிலையத்தில் காத்திருக்க வேண்டும்; ஒன்று தாமதமானால் எதிர்த்திசையில் வருவதும் தாமதமாகும். தஞ்சாவூரிலிருந்து திருச்சி வரை இரட்டைத் தடம், அங்கே இந்தத் தொல்லை குறைவு. ஆகவே மெயின் லைனில் வந்து திருச்சியில் வேறு ரயில் மாறுவதாக இருந்தால் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரண்டு முன்பதிவு டிக்கெட்டுகளிலும் பயணிகளின் விவரம் ஒன்றாகவே இருந்தால் அவற்றின் பி.என்.ஆர். எண்களை இணைத்துவைக்கலாம், முதல் ரயிலின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால் பணத்தைக் கேட்டுப் பெற அது வழி செய்யும்.

நீங்கள் ஏறும் நிலையத்துக்கு ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வருவதாக இருந்து, போக விருப்பமில்லை என்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். டிக்கெட்டைச் சாதாரணமாக ரத்து செய்துவிடாதீர்கள், பிடித்தம் போய்விடும். ஐ.ஆர்.சி.டி.சி.யில் டி.டி.ஆர். (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) தாக்கல் செய்ய வேண்டும், அதுவும் அந்த ரயில் உங்கள் நிலையத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே. ரயில் எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்ளவும், பெட்டியில் ஏதும் சிக்கல் என்றால் புகார் சொல்லவும் 139க்கு அழைக்கலாம்.